அம்மா பக்கத்துக் கதவு

தம்பி, என் காடி (கார்) மாடல் இப்போது விலை இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று கேட்டாய். நாலு வருஷமாக ஓட்டுகிறேன். இஞ்சின், கியர், எண்ணெய்ச் செலவு எதிலும் குறை சொல்ல மாட்டேன். எனக்கு ஒரே ஒரு குறை, காற்றுச் சத்தம்.

கோலாலம்பூருக்குள் செந்தூலிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போய்வந்தால் எதுவும் தெரியாது. ஜாலான் டூத்தா டோலைத் தாண்டி ஹைவேயில் வேகம் 100 கிலோமீட்டரைத் தொட்டால், இடது முன்கதவின் மேல்மூலையில் 'உய்ங்' என்று ஆரம்பிக்கும். அங்கேதான் அம்மா உட்காருவார். பட்டர்வொர்த்தில் அக்கா வீடு போய்ச் சேரும்வரை அந்தச் சத்தம் அவர் காதோரமே இருக்கும். அங்கிருந்து தீவுக்குப் போகும் பினாங்குப் பாலத்தில் 80-தான் போகலாம். கடல்காற்று பக்கவாட்டில் அடித்தால் அங்கேயும் ஊதும்.

முதலில் பார்த்த வொர்க்‌ஷாப்பில் டயர்ச் சத்தம் என்றார்கள். நம்பி நாலு டயரையும் மாற்றினேன். விசில் அப்படியே இருந்தது. டயர்ச் சத்தம் ரோட்டின் தரை மாறினால் மாறும். இது தரைக்கு மாறவில்லை, காற்றடிக்கும் திசைக்கு மாறியது. அதை அன்றே யோசித்திருக்க வேண்டும். அவர்களும்தான்.

கடைசியில் மாஸ்கிங் டேப்தான் உண்மையைச் சொன்னது. சைட் மிரர் அடியில் ஒட்டி ஓட்டினேன், சத்தம் போகவில்லை. கதவின் மேல்விளிம்பு இடுக்கில் ஒட்டினேன், சட்டென்று நின்றது. முன்கண்ணாடித் தூணைச் சுற்றி வளையும் காற்று வேகமெடுக்கும்போது வெளியே அழுத்தம் குறைகிறது; கதவுச் சட்டத்தை வெளிப்பக்கம் இழுக்கிறது. கதவோர ரப்பர் மயிரிழை விலகினாலும் போதும், உள்காற்று அந்த இடுக்கில் சீறும். காற்றுச் சத்தத்தின் ஆற்றல் ஏறக்குறைய வேகத்தின் ஆறாம் அடுக்கில் ஏறும் என்பார்கள். 90-லிருந்து 110-க்குப் போனால் மூன்று மடங்குக்கும் மேல், சுமார் 5 டெசிபல். ஊருக்குள் ஓட்டிப் பார்த்து வாங்கியவனுக்கு இது எப்படித் தெரியும்?

வேறொரு பட்டறையில் கதவைச் சீர்படுத்திப் புது ரப்பர் போட்டார்கள். ஜன்னல் மேல் மழைத்தடுப்பாக ஒட்டியிருந்த டோர் வைசரையும் கழற்றச் சொன்னேன். அதில் அடித்த காற்றின் உறுமலும் குறைந்தது. மழையில் கண்ணாடியை இறக்க முடியாது, பரவாயில்லை.

போன வாரம் சிலிம் ரிவர் தாண்டியதும் அம்மா தோட்டத்துக் கதை எடுத்தார், ஈப்போ வரைக்கும் பேசினார். முன்பெல்லாம் நான் ஏதாவது கேட்டால் இரண்டு தடவை "என்னய்யா?" என்பார், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். தூக்கம் வருகிறதாக்கும் என்று நினைத்திருந்தேன்.

இப்போது இதைவிட சுகமான காடி எனக்குத் தெரியாது. ஆனாலும் நீ வாங்காதே. ஒரு ரப்பருக்காக அம்மாவின் மூன்று வருஷப் பேச்சு போனதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

வாங்கியே தீருவேன் என்றால், விற்பவரை ஓட்டச் சொல்லி நீ இடப்பக்கம் உட்கார். ஹைவேயில் 110 போகட்டும். ரேடியோவை அடை, ஏர்கானையும் அடை.