மட்டக்களப்பு டவுண்ல போட்ட பிக்ஸ்ட் டெபொசிட், என்ட அனுபவம்
ரெண்டு வருஷமா டவுண்ல ஒரு பேங்க்ல மாசாமாசம் வட்டி வாற பிக்ஸ்ட் வச்சிருக்கன், கவுண்டர்ல இருக்கிற தங்கச்சி தங்கமான பிள்ளை, 2025 ஏப்ரல்ல வட்டி வரி 5%ல இருந்து 10% ஆனப்ப "அக்கா, உங்கட வருஷ வருமானம் 18 இலட்சத்துக்குள்ளதானே, இந்தப் போமை நிரப்பித் தாங்க, வட்டியில வரி வெட்டமாட்டம்" எண்டு துண்டுல கணக்குப் போட்டே காட்டினா. ஒரே குறை, தவணை முடியிறத்த அறிவிக்கல்ல, குறைஞ்ச வட்டிக்குத் தானாப் புதுப்பிச்சிட்டாங்க, அது சரியா மனசு நொந்துபோச்சு. பேங்க் முறிஞ்சா, ஒரு பேங்க்ல போட்ட காசில 11 இலட்சம் வரைக்கும்தான் காப்புறுதி, கூட இருந்தா வேற பேங்க்லயும் பிரிச்சுப் போடுங்க. மறுகா, போட்ட முதல் காசில கைவைக்காம வட்டியில கொஞ்சத்த எடுத்து ஞாயிறுக்கு வாவி நண்டு வாங்கி, முருங்கையிலை போட்டு ஆக்கி, பின்னேரம் பிள்ளையளோட கல்லடி பீச்சுக்குப் போறம், அந்தச் செலவ மட்டும் நான் குறைக்கிறதே இல்ல.