ஆர்க்காஃப்ளெக்ஸில் ரைசரை ஆர்ச்சின் மேல் படுக்கவைப்பது

கடலடியிலிருந்து மேலே மிதக்கும் கலத்துக்கு எண்ணெய், வாயு கொண்டுவரும் வளையும் குழாய்களான ரைசர்களுக்கான அனாலிசிஸ்தான் என் வேலை. கடல்மட்டத்துக்கும் கடலடிக்கும் நடுவே மூழ்கி மிதக்கும் வளைவுத் தாங்கியான ஆர்ச்சின் மேல் ரைசர் படுத்துக் கிடக்கும் லேசி-எஸ் அமைப்பில், ஆர்ச்சை விட்டு அது எழும்பும் இடத்தில் எவ்வளவு வளைகிறது என்பதுதான் என் முதல் கவலை. அந்த எண், ரைசருக்கும் ஆர்ச்சுக்கும் இடையிலான தொடுகையை எப்படி மாடல் செய்தோம் என்பதைப் பொறுத்து மாறும். ஆர்சினா நிறுவனத்தின் ஆர்க்காஃப்ளெக்ஸ் மென்பொருள் இதற்குப் பல வழிகள் தருகிறது.

எலாஸ்டிக் சாலிட், அதாவது அழுத்தினால் எதிர்த்துத் தள்ளும் திட வடிவம், எல்லாரும் முதலில் எடுப்பது. ஓர் உருளையை ஆர்ச்சோடு பிணைத்தால் வேலை முடிந்தது. ஆனால் ரைசர் மாடலில் செக்மென்ட் என்ற துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது, தொடுகை அவற்றை இணைக்கும் புள்ளிகளான நோடுகளில் மட்டுமே கணக்காகும். செக்மென்ட் 2 மீட்டர், உருளை சிறியது என்றால், உருளை இரண்டு நோடுகளுக்கு நடுவே நுழைந்துவிடும், விசை பூஜ்யம். விறைப்பும் (புதைவதை எவ்வளவு எதிர்க்கிறது என்பது) பரப்புக்கு இவ்வளவு என்று கொடுக்கப்படுவது. 0.3 மீட்டர் விட்டமும் 0.5 மீட்டர் செக்மென்டும் உள்ள ரைசருக்கு 1000 கி.நி./மீ³ (கி.நி. என்பது கிலோநியூட்டன்) போதும் என்று தோன்றும். ஒரு நோடில் 15 கி.நி. வந்தால் அது 10 செ.மீ. உள்ளே புதையும். அனிமேஷனைத் தள்ளி நின்று பார்த்தால் இது கண்ணில் படாது.

அதனால் ஆர்ச்சுக்கு நான் எடுப்பது சப்போர்ட் வசதியைத்தான். அடியிலும் பக்கங்களிலும் உருளைகள் வைத்து வாய்க்கால் மாதிரி அமைக்கலாம். நோடு எங்கே இருந்தாலும் தொடுகை பிடிபடும். ஒவ்வொரு சப்போர்ட்டிலும் விழும் விசை தனியாகக் கிடைப்பதால், ஆர்ச்சை வடிவமைப்பவர் கேட்பதை அப்படியே கொடுத்துவிடலாம். எந்த லைன் (ரைசர் போன்ற குழாய்களுக்கு மென்பொருளில் உள்ள பெயர்) எந்தச் சப்போர்ட்டில் உட்காருகிறது என்று முன்பே சொல்லிவைக்க வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் அதற்குத் தகுந்த பலன் உண்டு.

ஜே-டியூபுக்குள் (J வடிவில் வளைந்த வழிகாட்டிக் குழாய்) ரைசரை இழுப்பது, பைப்புக்குள் பைப் போன்றவற்றுக்கு லைன் கான்டாக்ட்தான் சரி. ரைசரும் ரைசரும் மோதுவதற்கு லைன் கிளாஷிங் இருக்கிறது. நேரம் எடுக்கும், தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள்.

விறைப்பைக் கண்டபடி ஏற்றினால் டைம் ஸ்டெப்பை (கணக்கு முன்னேறும் கால இடைவெளியை) சுருக்க வேண்டிவரும், ஒவ்வொரு ஸ்டெப்பிலும் திரும்பத் திரும்பக் கணக்கிட்டு விடையை நெருங்கும் இம்ப்ளிசிட் தீர்வு ஒருங்காமல் அடம்பிடிக்கும். விறைப்பை இரட்டிப்பாக்கி, செக்மென்ட்டைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். எழும்பும் இடத்து வளைவு அசையாவிட்டால் அந்த எண்ணை நம்பலாம்.

ரைசரின் உள் அடுக்குகள் ஆர்ச்சின் மேல் நசுங்குமா என்பது வேறு கேள்வி. அதற்கு இங்கே கிடைக்கும் விசையையும் வளைவையும் எடுத்துக்கொண்டு, குறுக்குவெட்டை விரிவான எஃப்.ஈ. (ஃபைனைட் எலிமென்ட்) மாடலில் தனியாகப் பார்க்க வேண்டும்.