ஜெர்மனியின் இளைஞர் விடுதிகள்: மாணவர் குழுவுக்கு ஏற்றவையா?

ஐரோப்பியக் கல்விச் சுற்றுலாவுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர், பயணத் திட்டத்தில் ‘மூன்று நட்சத்திர ஹோட்டல்’ என்ற குறிப்பைக் கண்டதும் வேறெதையும் கேட்பதில்லை. அந்த ஹோட்டல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலையோரம் இருந்தால், நாள்தோறும் பேருந்திலேயே பொழுது கழியும் என்பது பின்னர்தான் தெரியும். ஜெர்மனியைப் பொறுத்தவரை, மாணவர் குழுவுக்கு நான் பரிந்துரைப்பது ‘யூகெண்ட்ஹெர்பெர்க’ எனப்படும் இளைஞர் விடுதிகளையே.

இவை பள்ளிப் பிள்ளைகளை மனத்தில் வைத்தே தோன்றியவை. 1909-இல் மாணவர்களுடன் நடைப்பயணம் சென்ற ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மன், புயல் மழையில் சிக்கி ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தபோது எழுந்த எண்ணம், சில ஆண்டுகளில் ஆல்டெனா கோட்டையில் நிலையான விடுதியாக உருப்பெற்றது. நான்கு அல்லது ஆறு பேர் தங்கும் அறைகள், உடன்வரும் ஆசிரியர்களுக்குத் தனி அறை, மாலையில் கூடிப் பேசப் பொதுக்கூடம் என்ற அமைப்பில் அந்த நோக்கம் இன்றும் தெரிகிறது. ஹோட்டலில் இரண்டிரண்டு பேராகப் பல மாடிகளில் சிதறும் பிள்ளைகளை இரவில் கணக்கெடுத்த ஆசிரியருக்கு இதன் அருமை புரியும்.

சொகுசை எதிர்பார்ப்பவர்களுக்கு இவை ஏற்றவையல்ல. அடுக்குக் கட்டில்தான், குளியலறை சில விடுதிகளில் அறைக்குள்ளும், சிலவற்றில் தளத்துக்குப் பொதுவாகவும் இருக்கும். விரிப்பும் உறைகளும் தரப்பட்டாலும், அவற்றைப் பொருத்துவதும் கிளம்பும் நாளில் கழற்றி உரிய இடத்தில் போடுவதும் தங்குபவர் வேலை. (வீட்டில் போர்வையை மடிக்காத பிள்ளையும் இங்கே மடித்தாக வேண்டும்.) துண்டைக் கையோடு கொண்டுபோவது நல்லது. குளிர்சாதன வசதியைப் பொதுவாக எதிர்பார்க்க முடியாது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பதரை மணி வரை வெளிச்சம் இருப்பதால், பத்து மணிக்குத் தொடங்கும் அமைதி நேரத்தைப் பிள்ளைகளுக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

காலை உணவு கட்டணத்திலேயே அடங்கும்: ரொட்டி, பாலாடைக்கட்டி, ஜாம், தயிர், தானியங்கள். சைவ உணவு வேண்டுமெனில் முன்பதிவிலேயே எத்தனை பேருக்கு என்று குறிப்பிடுவதோடு, முட்டையும் மீனும் கூடாதென்றால் அதையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும்.

இடத்தைப் பொறுத்து அனுபவம் பெரிதும் மாறும். நேரம் குறைவான குழுவுக்குக் கொலோனில் டாய்ட்ஸ் ரயில் நிலையத்தை ஒட்டிய விடுதி வசதியானது. ரைன் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் பேராலயம். நூரன்பர்க்கில் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தானியக் களஞ்சியமாகக் கட்டப்பட்ட கோட்டைக் கட்டடத்திலேயே தங்கலாம். ரைன் கரையில் உள்ள பாகராக் ஊரின் ஸ்டாலெக் கோட்டை விடுதியிலிருந்து தெரியும் ஆற்றுக் காட்சி, இந்த மூன்று இடங்களின் காட்சிகளில் மிக அழகானது, ஆனால் ஊரிலிருந்து செங்குத்தான பாதையில் ஏற வேண்டும் என்பதால், பெரிய பெட்டிகளுடன் வரும் குழுவினர் அவற்றை மேலே கொண்டுசெல்ல என்ன ஏற்பாடு என்பதை விடுதியிடம் முன்னதாகவே கேட்டுக்கொள்ள வேண்டும்.