பாவித்த மக்புக் எயார்: 2020 இன்ரெல்லா, எம்1ஆ?

திருகோணமலையில் பாவித்த மக்புக் தேடும் பிள்ளைகள் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள். இரண்டும் 2020இல் வந்தவை, வெளித்தோற்றமும் ஏறக்குறைய ஒன்றே. அந்த நவம்பரில் அப்பிள் இன்ரெல் சிப்பை விட்டு, தானே வடிவமைத்த எம்1க்கு மாறியது. வித்தியாசம் அங்கேதான்.

விலை: இன்ரெல் மலிவு. காரணம் கீழே.

சூடு: இன்ரெல்லில் விசிறி உண்டு, வீடியோ எடிட் செய்தால் இரைச்சல்தான். எம்1இல் விசிறியே கிடையாது. உப்புவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை: உப்புக்காற்றை உள்ளே இழுக்க ஒன்றும் இல்லை.

பற்றரி: இணையம் பார்க்க, அப்பிள் சொன்ன கணக்கில், இன்ரெல் 11 மணித்தியாலம், எம்1 15. பாவித்ததில் இரண்டும் குறைந்திருக்கும். சார்ஜ் சைக்கிள் எண்ணிக்கையை, அதாவது முழு பற்றரி அளவு சார்ஜ் எத்தனை தடவை தீர்ந்திருக்கிறது என்பதைப் பாருங்கள்.

ரேம்: இரண்டிலும் பிறகு கூட்ட முடியாது.

ஆயுள்: இங்கேதான் இன்ரெல் அடிபடுகிறது. இந்த இன்ரெல் எயாருக்கு, மக்கின் இயங்குதளமான மக்ஓஎஸ்ஸில் 15ஆம் பதிப்பு செக்கோயாதான் கடைசி. எம்1க்கு அடுத்த பதிப்பான 26உம் கிடைக்கிறது.

விண்டோஸ்: இன்ரெல்லில், மக்கில் விண்டோஸ் போட அப்பிள் தரும் பூட்கேம்ப் மென்பொருள் வழியாக நேரடியாகப் போடலாம், எம்1இல் முடியாது. விண்டோஸ் கட்டாயம் என்பவர்களுக்கு மட்டும் இன்ரெல். சரி, அதற்குச் சாதாரண விண்டோஸ் லப்டொப்பே போதுமே, அப்புறம் எதற்கு மக்? படிப்புக்கும் எடிட்டிங்குக்கும் காசு கூடினாலும் எம்1தான்.