ஜெல்லி ரோலா, கெஜத்துணியா?

குயில்ட் (துணித்துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வை) தைக்கத் தொடங்குகிறவர்கள் கடையில் தயங்கி நிற்பது இந்தக் கேள்வியில்தான். ஜெல்லி ரோல் என்பது முன்பே பட்டைகளாக வெட்டி, சுருட்டி விற்கும் பல டிசைன் துணி; கெஜத்துணி, கெஜக்கணக்கில் வாங்கி நாமே வெட்டிக்கொள்வது.

விலை: ஜெல்லி ரோலில் 2.5 அங்குல அகலப் பட்டைகள் வழக்கமாக 40 இருக்கும். மொத்தமும் சேர்த்தால் சுமார் 2.75 கெஜம். அதே அளவைக் கெஜக்கணக்கில் வாங்கினால் பெரும்பாலும் மலிவு, ஆனால் அத்தனை டிசைன் கிடைக்காது.

வேலை: பட்டை, பிரித்த உடனே தைக்கலாம். கெஜத்துணி, தேய்த்து மடித்து வெட்டவே பாதி நாள் போய்விடும்.

துல்லியம்: சிக்கல் இங்கேதான். ஓரம் பிசிறாமல் இருக்கப் பட்டைகளை ரம்பப் பல்லாக வெட்டியிருப்பார்கள். அளவு பல்லின் நுனியிலிருந்தா, பள்ளத்திலிருந்தா என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஒரு பட்டையை ஸ்கேலில் வைத்துப் பார்த்துவிட்டுத் தையுங்கள். அப்புறம், அந்தப் பற்களிலிருந்து உதிரும் நூல்தூசு! மெஷின், மடி, தரை எல்லாம் அதுதான்.

துவைப்பது: கெஜத்துணியை முன்பே அலசி, சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பார்த்துவிடலாம். பட்டையை நனைத்தால் பிசிறிச் சிக்கிக்கொள்ளும்.

முதல் குயில்ட், பல நிறம் வேண்டும், வெட்டும் பலகை இல்லை என்றால் ஜெல்லி ரோல் சரி. பின்பக்கத் துணிக்கும் பெரிய பூ டிசைனுக்கும் கெஜத்துணிதான், 2.5 அங்குலத்தில் பூ எது, இலை எது என்றே தெரியாது.