சி-ஸ்பான் காணொளிக் காப்பகம்: அதிபர் பதவி நீக்க விவாதங்களை முழுதாகப் பார்க்க உதவும் சேவை

அமெரிக்க அதிபரின் நடத்தை அவரைப் பதவியிலிருந்து நீக்கும் அளவுக்குக் கேடானதா என்ற கேள்விக்கு அந்நாட்டு அரசியல்வாதிகள் சொல்லும் விடை, அந்த அதிபர் எந்தக் கட்சிக்காரர் என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. இது எல்லாரும் அறிந்த செய்திதான். ஆனால் இருபது ஆண்டு இடைவெளியில் ஒரே மனிதர் இரண்டு விதமாகப் பேசியதை அவருடைய வாயாலேயே, தேதி வாரியாகக் கேட்க வேண்டுமென்றால் சி-ஸ்பான் நிறுவனத்தின் காணொளிக் காப்பகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து வேறு இல்லை. செய்தி அலைவரிசைகள் வெட்டி ஒட்டித் தரும் துண்டுகளில் சலித்துப்போனவர்களுக்காக இந்தச் சேவையின் நிறைகுறைகளை இங்கே எழுதுகிறேன்.

சி-ஸ்பான் அரசு நிறுவனம் அன்று. கேபிள் தொலைக்காட்சி நிறுவனங்கள் தரும் கட்டணத்தில் இயங்கும், இலாப நோக்கற்ற அமைப்பு. பிரையன் லாம் என்பவரின் முயற்சியால் தோன்றிய இது, 1979 மார்ச் 19 முதல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையின் நடவடிக்கைகளையும், 1986 ஜூன் 2 முதல் மேலவையான செனட் சபையின் நடவடிக்கைகளையும் ஒளிபரப்பி வருகிறது. ஒளிபரப்பானவற்றை முறையாகச் சேமிக்கும் பணி 1987இல் இண்டியானா மாநிலத்துப் பர்டியூ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. 2010இல் அந்தச் சேமிப்பு இணையத்தில் அனைவருக்கும் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. ஆகவே 1868இல் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் தப்பிய அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் விசாரணையையும், 1974இல் ரிச்சர்ட் நிக்சனைப் பதவி விலகச் செய்த நடவடிக்கைகளின் நேரடிப் பதிவையும் சி-ஸ்பானிடம் எதிர்பார்க்க முடியாது. பதவி நீக்க நடவடிக்கையில் பிரதிநிதிகள் சபை குற்றம் சாட்டும்; செனட் விசாரித்துத் தீர்ப்பளிக்கும். நிக்சனுக்குப் பிறகு நடந்த மூன்று விசாரணைகளும், அதாவது பில் கிளின்டன் மீதானதும் டொனால்ட் டிரம்ப் மீதான இரண்டும், பிரதிநிதிகள் சபை விவாதம் தொடங்கித் தீர்ப்பு வரை இதில் உள்ளன.

தேடும் முறை எளிது. உறுப்பினரின் பெயரைக் கொடுத்தால் அவர் தோன்றும் பதிவுகள் தேதி வரிசையில் வந்து நிற்கும். குழுவின் பெயராலும் தேடலாம். காணொளிக்குக் கீழே பேச்சின் எழுத்து வடிவம் ஓடுகிறது. அதில் ஒரு சொல்லைத் தேடி, அது பேசப்பட்ட நொடிக்கே தாவிவிடலாம். பத்து மணி நேரப் பதிவில் ஒரு வாக்கியத்தைத் தேடுபவருக்கு இந்த வசதியின் அருமை சொல்லாமலே புரியும். இந்த எழுத்து வடிவம் ஒளிபரப்பின்போது தட்டப்பட்ட, திருத்தப்படாத துணைவரி மட்டுமே என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. எனவே மேற்கோள் காட்ட நினைப்பவர்கள் காதால் கேட்டு உறுதி செய்துகொள்வதே முறை.

இந்தக் காப்பகம் வெறும் பார்வையாளர்களுக்கானது மட்டுமல்ல என்பதை டிரம்ப் மீதான முதல் விசாரணை நடந்த 2020 ஜனவரியில் செனட் சபையே காட்டியது. ஜனவரி 23 அன்று பிரதிநிதிகள் சபையின் சார்பில் டிரம்புக்கு எதிராக வாதாடிய ஜனநாயகக் கட்சியின் ஜெரால்ட் நாட்லர், 1999ஆம் ஆண்டுப் பதிவு ஒன்றைத் திரையில் ஓடவிட்டார். அதில் தோன்றியவர், அன்று அதே சபையின் சார்பில் கிளின்டனுக்கு எதிராக வாதாடிய குடியரசுக் கட்சியின் லிண்ட்சே கிரஹாம். அதிபரின் கடுங்குற்றம் என்பது சட்டப் புத்தகத்தில் உள்ள குற்றமாகவே இருக்க வேண்டிய அவசியமில்லை, பதவியைப் பயன்படுத்தி மக்களுக்குத் தீங்கு செய்யத் தொடங்கினாலே போதும் என்று இளமை மாறாத முகத்தோடு அவர் அதில் விளக்குகிறார். 2020இல் அதே கிரஹாம், டிரம்ப் மீதான நடவடிக்கையைக் கடுமையாக எதிர்த்த செனட் உறுப்பினர். அந்தப் பதிவு ஓடிய நேரத்தில் அவர் தம் இருக்கையில் இல்லை.

ஐந்து நாள் கழித்துப் பதிலடி வந்தது. டிரம்பின் வழக்கறிஞர் பாட் சிபொலோன் தம் தரப்பை முடிக்கும்போது, கிளின்டன் காலத்து ஜனநாயகக் கட்சியினர் பேசியவற்றைத் தொகுத்துத் திரையிட்டார். ஒரு கட்சி ஆதரித்து மறு கட்சி எதிர்க்கும் பதவி நீக்கம் நடக்கவே கூடாது, அப்படி நடந்தால் பல ஆண்டுகளுக்குக் கசப்பும் பிளவும் மிஞ்சும் என்று 1998இல் முழங்கியவர் வேறு யாருமல்லர், அதே நாட்லர்தான். தொகுப்பில் சக் ஷூமரும் இருந்தார். அவர் 1998இல் பிரதிநிதிகள் சபையில் கிளின்டனுக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டு, செனட்டுக்குத் தேர்வாகி அங்கேயும் குற்றமற்றவர் என்று வாக்களித்தவர். ஸோ லோஃப்கிரனும் இருந்தார். அவர் நிக்சன் காலத்தில் ஓர் உறுப்பினரின் அலுவலக ஊழியர், கிளின்டன் காலத்தில் நீதிக் குழு உறுப்பினர், டிரம்ப் விசாரணையில் வாதாடுபவர் என்று மூன்று நடவடிக்கைகளையும் உள்ளிருந்து கண்டவர். நீங்கள் அன்று சொன்னது சரிதான் என்று சிபொலோன் அவர்களைப் பார்த்துச் சொன்னபோது, இரு தரப்பும் ஒரே கிடங்கிலிருந்து ஆயுதம் எடுத்துச் சண்டையிடுவதைப் பார்க்கும் உணர்வே எனக்கு ஏற்பட்டது.

இந்த இரண்டு நாள் பதிவுகளையும் அடுத்தடுத்துப் பார்க்கும் ஒருவர், எல்லாரும் ஒரே குட்டையில் ஊறியவர்கள்தானே என்று திரையை மூடிவிடக்கூடும். அந்த முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஒருவர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசினார் என்பதால் அவர் முன்பு சொன்னது தவறா, இப்போது சொல்வது தவறா என்ற கேள்வி தீர்ந்துவிடுவதில்லை. கிளின்டன் மீதான குற்றச்சாட்டு, தம் தனிப்பட்ட உறவைப் பற்றி மாநடுவர் குழுவின் (கிராண்ட் ஜூரி) முன் பொய்ச்சாட்சி சொன்னார், நீதி விசாரணைக்குத் தடையாக இருந்தார் என்பது. டிரம்ப் மீதான முதல் விசாரணை, உக்ரைனுக்கான ஏறத்தாழ 39 கோடி டாலர் பாதுகாப்பு உதவியை நிறுத்தி வைத்து, தம் அரசியல் போட்டியாளர் மீது விசாரணை அறிவிக்குமாறு அந்நாட்டு அதிபரை வற்புறுத்தினார் என்பது. இரண்டாவது, 2021 ஜனவரி 6 அன்று நாடாளுமன்றக் கட்டடத்தைத் தாக்கிய கும்பலைத் தூண்டினார் என்பது. அதிபரின் நடத்தை என்று மூன்றையும் ஒரே பெயரால் அழைத்தாலும், மூன்றின் எடையும் ஒன்றல்ல. அந்த வேறுபாட்டை உணர வேண்டுமானால் துண்டுகளை விட்டு முழுப் பதிவுக்குத்தான் போக வேண்டும்; இந்தச் சேவைக்கு நான் கொடுக்கும் மதிப்பெண்ணில் பெரும்பங்கு அதற்கே.

முழுப் பதிவில் எங்கே நேரம் செலவிடலாம் என்பதற்கு டிரம்ப் மீதான முதல் நடவடிக்கைக்காக 2019 நவம்பரில் நடந்த பிரதிநிதிகள் சபைப் புலனாய்வுக் குழு விசாரணை நல்ல எடுத்துக்காட்டு. ஒவ்வொரு சாட்சியிடமும் முதலில் இரு தரப்புக்கும் 45 நிமிடம் வரை நீளும் கேள்வி நேரம். அதில் பெரும்பாலும் கேட்பவர்கள் ஜனநாயகத் தரப்பு வழக்கறிஞர் டேனியல் கோல்ட்மனும் குடியரசுத் தரப்பு வழக்கறிஞர் ஸ்டீவ் காஸ்டரும். அவர்கள் சாட்சியைப் பார்த்துப் பேசுகிறார்கள். பிறகு உறுப்பினர்களுக்குத் தலைக்கு ஐந்து நிமிடம் வருகிறது. அப்போது பலர் சாட்சியை விட்டுவிட்டுக் கேமராவுக்குப் பேசுகிறார்கள். நவம்பர் 20 அன்று வந்த, அப்போது ஐரோப்பிய ஒன்றியத்துக்கான அமெரிக்கத் தூதராக இருந்த கார்டன் சாண்ட்லண்டின் சாட்சியத்தை மட்டுமாவது தொடக்கம் முதல் இறுதி வரை பார்க்கலாம். உக்ரைன் அதிபருக்கான வெள்ளை மாளிகைச் சந்திப்புக்குக் கைம்மாறு எதிர்பார்க்கப்பட்டதா என்றால் ஆம் என்று காலையில் அவர் வாசித்த வரி ஒரு கட்சிக்குக் கிடைத்த பொக்கிஷம். நிதியுதவிக்கும் விசாரணைக்கும் முடிச்சு இருப்பதாக யாரும் தம்மிடம் சொல்லவில்லை, அது தம் அனுமானமே என்று குடியரசுக் கட்சி உறுப்பினர் மைக் டர்னரின் கேள்விகளுக்கு அவர் ஒப்புக்கொண்டது மறு கட்சிக்குக் கிடைத்த பொக்கிஷம். ஒரே நாள், ஒரே நாற்காலி, ஒரே மனிதர். அவரவர் தமக்கு வேண்டிய நிமிடங்களை வெட்டியெடுத்துக்கொண்டார்கள். வெட்டுவதற்கான கருவியையும் இந்தக் காப்பகமே தருகிறது.

இனிக் குறைக்கு வருகிறேன். இது சி-ஸ்பானின் குறை என்பதைவிட, அதற்கு விதிக்கப்பட்ட எல்லை என்பதே பொருந்தும். இரு சபைகளிலும் கேமராக்களை இயக்குபவர்கள் சபை ஊழியர்கள். சி-ஸ்பான் அவர்கள் தரும் படத்தை வாங்கி ஒளிபரப்புகிறது. பேசுபவரைத் தவிர வேறு எதையும் காட்டுவது வழக்கமில்லை. 1984இல் குடியரசுக் கட்சியினர் ஆளில்லாத சபையில் வீராவேசமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, அவைத்தலைவர் டிப் ஓ'நீல் காலி இருக்கைகளைக் காட்டச் சொன்னது பெரிய சச்சரவாகவே ஆனது. 2020 விசாரணையில் 100 செனட் உறுப்பினர்கள் நடுவர்களாக அமர்ந்திருந்தார்கள். அவர்கள் கேட்டார்களா, குறிப்பெடுத்தார்களா, அலுத்துக் கொட்டாவி விட்டார்களா என்பதைப் படத்தில் பார்க்கவே முடியாது. ஓர் உறுப்பினர் சகாக்களுக்குக் கையில் சுழற்றும் விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்தது, சிலர் தண்ணீருக்குப் பதிலாகப் பால் வரவழைத்துக் குடித்தது எல்லாம் மாடத்தில் இருந்த செய்தியாளர்கள் எழுதியும் ஓவியர்கள் வரைந்தும்தான் வெளியே தெரிந்தன. 2023 ஜனவரியில் அவைத்தலைவர் தேர்தல் இழுபறியானபோது, புதிய சபைக்கு விதிகள் இன்னும் இயற்றப்படாத நிலையில், சி-ஸ்பானின் சொந்தக் கேமராக்கள் சுதந்திரமாகச் சுற்றின. யார் யாரிடம் குனிந்து பேசுகிறார் என்பதெல்லாம் நாட்டுக்கே தெரிந்தது. அந்தப் பதிவைப் பார்த்தவர்களுக்குப் பதவி நீக்க விசாரணையில் எவ்வளவு மறைக்கப்பட்டது என்பது விளங்கும். 1999இல் தீர்ப்புக்கு முன் செனட் உறுப்பினர்கள் தங்களுக்குள் விவாதித்த நாள்களோ கதவடைத்து நடந்தவை. அவற்றுக்குப் படமே இல்லை.

வாதங்களைக் காட்டிலும் எனக்குப் பிடித்தது கேள்வி நேரம். 2020 ஜனவரி 29, 30 தேதிகளில் உறுப்பினர்கள் அட்டையில் எழுதி அனுப்பிய கேள்விகளைத் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஒரே குரலில் வாசிக்கிறார். பெரும்பாலான கேள்விகள் தம் தரப்புக்கே வீசப்பட்ட எளிய பந்துகள். இடையே குடியரசுக் கட்சி உறுப்பினர் ராண்ட் பாலின் அட்டையைப் பார்த்துவிட்டு, கொடுக்கப்பட்ட வடிவில் இதை வாசிக்க மறுக்கிறேன் என்று ஒற்றை வரியில் முடித்து நகரும் இடம் பார்க்க வேண்டியது.

சபைக்கு வெளியே மக்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு, சி-ஸ்பானின் காலை நிகழ்ச்சியான வாஷிங்டன் ஜர்னல் பதிவுகள் உள்ளன. அதில் குடியரசுக் கட்சியினர், ஜனநாயகக் கட்சியினர், எச்சார்பும் இல்லாதவர்கள் என்று தொலைபேசி எண்களையே பிரித்து வைத்திருக்கிறார்கள். தொகுப்பாளர் குறுக்கிட்டு வாதம் செய்வதில்லை. யார் எதைச் சொன்னாலும் முகம் மாறாமல் கேட்டுக்கொண்டு அடுத்த அழைப்புக்குப் போகிறார். பொய்யான தகவலும் அப்படியே கடந்து போகிறது என்பது இந்த நடுநிலையின் மறுபக்கம். ஆனாலும் கூச்சல் நிறைந்த விவாத மேடைகளைப் பார்த்துப் பழகிய நமக்கு இது ஒரு நிம்மதி.

வாக்கெடுப்புகளின் பதிவுகள் குறுகியவை, ஆனால் தவற விடக்கூடாதவை. 1999 பிப்ரவரி 12 அன்று பொய்ச்சாட்சிக் குற்றச்சாட்டு 45-55 என்றும், நீதியைத் தடுத்த குற்றச்சாட்டு 50-50 என்றும் தோற்றன. தண்டிக்கத் தேவை மூன்றில் இரு பங்கு. பத்துக் குடியரசுக் கட்சியினர் முதலாவதில் கிளின்டனுக்குச் சாதகமாக வாக்களித்தார்கள். ஜனநாயகக் கட்சியிலிருந்து ஒருவர்கூட எதிராகப் போகவில்லை. 2020 பிப்ரவரி 5 அன்று டிரம்ப் மீதான அதிகார முறைகேட்டுக் குற்றச்சாட்டு 48-52 என்று தோற்றபோது, கட்சி வரிசையை மீறியவர் மிட் ராம்னி ஒருவரே. தம் சொந்தக் கட்சி அதிபரைத் தண்டிக்க வாக்களித்த முதல் செனட் உறுப்பினர் அவர். அன்று வாக்கெடுப்புக்கு முன் அவர் ஆற்றிய உரையில் குரல் தடைப்பட்டு நிற்கும் சில நொடிகளை எழுத்து வடிவம் காட்டாது. 2021 பிப்ரவரி 13 அன்று ஏழு குடியரசுக் கட்சியினர் டிரம்பைத் தண்டிக்க வாக்களித்தும் 57-43 என்ற கணக்கு போதவில்லை. கட்சிப் பற்றே எல்லாம் என்பவர்கள் குடியரசுக் கட்சியின் சூசன் காலின்ஸின் வாக்குகளைத் தொடர்ந்து பார்க்கலாம்: கிளின்டனை விடுவித்தார், 2020இல் டிரம்பை விடுவித்தார், 2021இல் அதே டிரம்பைத் தண்டிக்க வாக்களித்தார்.

மொத்தத்தில், ஆங்கிலத்தை ஓரளவு வேகமாகக் கேட்டுப் புரிந்துகொள்ளக்கூடிய இதழியல், அரசியல் அறிவியல், சட்ட மாணவர்களுக்கு இந்தச் சேவையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். அவர்களுக்கு இது கட்டணமில்லாத நூலகம். பின்னணி விளக்கம் எதுவும் இல்லாததால், வழக்கின் சுருக்கத்தையாவது படித்துவிட்டு வருவது நல்லது. இல்லையென்றால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெயர்களில் தடுமாறிப் போவீர்கள். புதிதாக வருபவர்கள் 2021 பிப்ரவரி 13 செனட் பதிவிலிருந்து தொடங்கலாம். டிரம்பை விடுவித்து வாக்களித்த சில நிமிடங்களில் எழுந்து, நடந்ததற்கு நடைமுறையிலும் தார்மீகத்திலும் அவரே பொறுப்பு என்றும், பதவி முடிந்த ஒருவரைத் தண்டிக்க இந்தச் சபைக்கு அதிகாரமில்லை என்றும், செனட்டில் அன்று குடியரசுக் கட்சித் தலைவராக இருந்த மிட்ச் மெக்கானல் ஆற்றிய உரை அதில் முழுதாக இருக்கிறது.