பீர் ஆலைக் கழிவுநீருக்கு ஐ.சி. ரியாக்டர்: வாங்கும் முன்

ஐ.சி. (உள்சுழற்சி) ரியாக்டர் என்பது, காற்றில்லாமல் நுண்ணுயிர்கள் கழிவைத் தின்று மீத்தேன் வாயுவாக்கும் உயரமான தொட்டி. பார்லிச் சக்கைக்காக இதை விசாரிப்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். சக்கை மாட்டுத் தீவனமாகப் போகட்டும். அதன் நார் இந்த ரியாக்டருக்குச் செரிக்காது. நெதர்லாந்தின் பாக்கெஸ் நிறுவனம் உருவாக்கிய ஐ.சி. வகை, சர்க்கரையும் ஆல்கஹாலும் கரைந்த கழிவுநீருக்கானது.

இதன் முதல் பலம், இடம் மிச்சம். நாளுக்கு 1000 கன மீட்டர் கழிவுநீர், லிட்டருக்கு 3000 மில்லிகிராம் சி.ஓ.டி. (கழிவைச் சிதைக்கத் தேவைப்படும் ஆக்சிஜன், அதாவது அழுக்கின் அளவு) என்றால் மொத்தச் சுமை 3000 கிலோ. கன மீட்டருக்கு நாளொன்றுக்கு 8 கிலோ தாங்கும் யு.ஏ.எஸ்.பி. (இதே வேலையைச் செய்யும் உயரம் குறைந்த பழைய வகை) என்றால் 375 கன மீட்டர் தொட்டியும், ஐந்தரை மீட்டர் உயரத்துக்குக் கிட்டத்தட்ட 68 சதுர மீட்டர் தரையும் வேண்டும். 20 கிலோ தாங்கும் ஐ.சி.க்கு 150 கன மீட்டர் போதும். 20 மீட்டர் உயரக் கோபுரம், விட்டம் 3 மீட்டர் சொச்சம். உள்சுழற்சிக்குப் பம்பும் கிடையாது. கீழடுக்கில் பிடிபடும் வாயு நீரைத் தூக்கிக்கொண்டு மேலேறும். உச்சியில் வாயு பிரிந்ததும் நீர் தன் கனத்தில் அடிக்கு இறங்கும்.

நீங்கும் ஒரு கிலோ சி.ஓ.டி.க்கு 0.35 கன மீட்டர் மீத்தேன் என்பது ஏட்டுக்கணக்கு. 80 சதவீதம் நீங்கினால் 840 கன மீட்டர். நீரில் கரைவதும் பாக்டீரியாவின் உடம்பாவதும் கழித்து 750 என்று வைத்துக்கொள்ளுங்கள்: சுமார் 7500 யூனிட் வெப்பம், பாய்லரில் 650 கிலோ ஃபர்னஸ் ஆயிலுக்குக் குறையாது. விலைப்புள்ளியில் 840 என்றே போட்டிருந்தால், இந்த இழப்பைக் கழிக்கவில்லையா என்று கேளுங்கள்.

கோளாறு பெரும்பாலும் ரியாக்டருக்கு முன்னால்தான் பிறக்கிறது. ஒரு கன மீட்டர் பீரில் மட்டும் 120 கிலோ சி.ஓ.டி. உண்டு. கெட்டுப்போன பீர் 5 கன மீட்டரை ஒரே மூச்சில் வடிகாலில் திறந்தால், அன்றைய சுமையில் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வந்து விழும். அமிலம் பெருகி, பி.எச். 6.5க்குக் கீழே போனால் மீத்தேன் தரும் நுண்ணுயிர்கள் முடங்கும். தொட்டி கழுவிய காஸ்டிக் (காரம்) வந்தால் எதிர்த்திசையில் அதே கதி. ஆகவே வரும் நீரைத் தேக்கிக் கலந்து சீராக அனுப்பும் சமன்தொட்டியின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. ஈஸ்ட் தனியே பிரிய வேண்டும். இல்லையேல் கடுகளவு பாக்டீரியா உருண்டைகள் சிதைந்து நீரோடு வெளியேறும். வடிகட்டிப் பொடியான கீசல்கூர் அடியில் மண்போலப் படிந்து நுழைகுழாயை அடைக்கும்.

அமிலத்துக்கும் காரத்தன்மைக்கும் உள்ள விகிதத்தைத் தினமும் பாருங்கள். 0.3ஐத் தாண்டினால் முதலில் தீனியைக் குறையுங்கள், அமிலத்தை முறிக்கும் காரச் சோடா பிறகு.

பீர் விற்காத மாதங்களில் ஆலை நின்றாலும் பயமில்லை. உருண்டைகள் பட்டினியைப் பல வாரம் தாங்கும். திரும்ப ஓட்டும்போது மட்டும் பாதிச் சுமையில் தொடங்குங்கள்.